வன்னியில் இருந்தபடியே ஜப்பானிய மொழியில் வாழ்தல்

கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் ஜப்பானிய மொழி படிக்கும் இளையோர் பலர், ஆங்கில விளக்கமுள்ள புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் முதலில் ஆங்கிலத்துக்கும் பிறகு தமிழுக்கும் மாற்றி இருமடங்கு சிரமப்படுகிறார்கள். அந்தச் சுற்றுவழி வேண்டியதில்லை. வீட்டிலும் வயலிலும் அன்றாடம் பேசும் பேச்சுக்குள்ளேயே அந்த மொழியைக் கொண்டுவரலாம்.

சுட்டுச் சொற்களில் தொடங்குங்கள். உங்கள் கையிலுள்ள குவளை கொரெ, எதிரே இருப்பவரிடம் உள்ளது சொரெ, இருவருக்கும் எட்டத்தில் வேலியோரம் கிடக்கும் மண்வெட்டி அரெ. ஆங்கில வழியில் படிப்பவர் பின்னிரண்டையும் பிரித்தறியத் தடுமாறுவார். இது, உது, அது, எது என்று இன்றும் பேசும் எமக்கோ கொரெ, சொரெ, அரெ, தொரெ என்பவை பழகிய தடத்திலேயே வருகின்றன. வயலில் நிற்கும் நெற்பயிர் இனெ, அரிசி கொமெ, சோறு கொஹன்.

வெளியே புறப்படும்போது 'போட்டு வாறன்' என்பதற்குப் பதிலாக 'இத்தெ கிமஸ்' என்று சொல்லுங்கள். இத்தெ என்பது போய், கிமஸ் என்பது வருகிறேன். வீட்டிலிருப்பவர் 'இத்தெரஷ்ஷாய்' என்று வழியனுப்பப் பழகினால் அம்மாவும் தங்கையும் உங்களோடு சேர்ந்து படிப்பவர்களாகிவிடுவார்கள். அவ்வாறே சாப்பிட்டுப் பார்ப்பது தபெதெ மிரு, உடுத்துப் பார்ப்பது கிதெ மிரு. வினையெச்சத்தோடு 'பார்' சேர்வது போலவே அங்கும் சேர்கிறது. இரு மொழிகளும் உறவுடையவை என்று பேராசிரியர் சுசுமு ஒனோ முன்வைத்த கருத்தை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆயினும் கற்பவருக்கு இந்த அமைப்பு ஒற்றுமையே பெரும் துணை.

ஆனால் ஜப்பானியச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதிப் படிக்கவே வேண்டாம். இங்கே எழுதியிருப்பது வழிகாட்டுவதற்கு மட்டுமே. திறப்பைக் குறிக்கும் சொல்லும் சிப்பியைக் குறிக்கும் சொல்லும் எமது எழுத்தில் ஒரே 'ககி' ஆகிவிடும். அங்கே திறப்பின் 'கி' 'தங்கம்' என்பதிலுள்ள ககரம் போலவும், சிப்பியின் 'கி' 'பக்கம்' என்பதில் போல, ஆனால் இரட்டிக்காமலும் ஒலிக்கும். குறில் நெடில் வேறுபாடு எமக்கு எளிது: ஒபசன் மாமி, ஒபாசன் அம்மம்மா. ககரக் குழப்பம் வராமலிருக்க, ஒலியைக் குறிக்கும் இரு எழுத்து வரிசைகளான 46 ஹிரகானா எழுத்துகளையும் 46 கதகானா எழுத்துகளையும் முதலிலேயே கைப்பழக்கமாக்குங்கள். சீனத்திலிருந்து வந்து பொருளைக் குறிக்கும் கன்ஜி எழுத்துகளில் பொதுப்பயன்பாட்டுக்குரிய 2,136-ஐயும் அடுக்கி மனனம் செய்வதைவிட, தண்ணீர்க் குடத்திலும் அரிசிப் பானையிலும் கதவிலும் அவற்றின் பெயரைக் கன்ஜியில் எழுதிய சீட்டு ஒட்டிப் பழகுவது நிலைக்கும்.

ஜே.எல்.பி.டி எனப்படும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வில் பேச்சுப் பகுதி கிடையாது. அதற்காக மட்டும் படிப்பவர் வாய் திறக்காமலே தேறிவிடலாம். பின்னர் ஜப்பானில் பராமரிப்பு வேலைக்குப் போய், முதியவர் ஒருவர் வலியைச் சொல்லும்போது பதில் தெரியாமல் நிற்கும் நிலை இருவருக்குமே துன்பம். எனவே நாள்தோறும் பேசுங்கள். இங்கே மாலை 4 மணி என்றால் அங்கே இரவு 7.30, வேலை முடித்து வீடு திரும்பியவர்களுடன் கைத்தொலைபேசியில் உரையாட ஏற்ற நேரம் அது. அன்று செய்த வேலையை ஐந்து வாக்கியங்களில் சொல்லி, அவர் திருத்தியதை ஹிரகானாவில் எழுதிவைத்து, மறுநாள் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது உரக்கச் சொல்லிப் பாருங்கள்.