டென்னிஸில் எந்தப் புள்ளி ஆட்டத்தை வெல்லும்? புதிதாகத் தொடங்குவோருக்கு

2019 விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ரோஜர் பெடரர் எடுத்தவை 218 புள்ளிகள். நோவக் ஜோகோவிச் எடுத்தவை 204. கிண்ணம் ஜோகோவிச்சுக்குப் போனது. செட் கணக்கால் கரப்பந்தாட்டத்திலும் இப்படி நடக்கலாம் என்பது வன்னிப் பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால் டென்னிஸில் செட்டுக்குள் இன்னோர் அடுக்கு உண்டு: கேம். அதைப் பிடித்துக்கொண்டால் ஆட்டமே பிடிபடும்.

படி 1: களம்

ஊர்க் கரப்பந்தாட்ட வலையே போதும். அதன் நீளம் ஏறத்தாழ 9.5 மீற்றர், ஒற்றையர் களத்தின் அகலம் 8.23 மீற்றர்தான். வலையின் மேல்விளிம்பு கம்பங்களில் 1.07 மீற்றரும் நடுவில் 91.4 சென்ரிமீற்றரும் இருக்குமாறு தாழ்த்திக் கட்டுங்கள். வலையே ஒரு மீற்றர் உயரமானது என்பதால் நடுவில் அடிப்பகுதியைச் சற்று மடிக்க வேண்டிவரும். களத்தின் நீளம் 23.77 மீற்றர். வலையிலிருந்து இருபுறமும் 6.40 மீற்றரில் ஒரு குறுக்குக் கோடு. அங்கிருந்து வலைவரை நடுவே ஒரு கோடு. இப்படிப் பக்கத்துக்கு இரண்டு சர்வ் பெட்டிகள் கிடைக்கும். மென்பந்து கிரிக்கெட்டில் அடிபட்டுத் தேய்ந்த பந்து சரியாக எழும்பாது, புதிய பந்தை எடுங்கள்.

கிரவல் நிலத்தில் பந்து விழுந்த தடம் பதியும். அது கோட்டைத் தொட்டிருந்தாலும் பந்து உள்ளேதான். சந்தேகம் வந்தால் எதிராளிக்குச் சாதகமாகச் சொல்லுங்கள்.

படி 2: சர்வ்

பாடசாலையில் பந்து பணித்தல் என்போமே, அதுதான். பின்கோட்டுக்கு வெளியே வலப்புறம் நின்று, குறுக்காக எதிர்ப்பக்கப் பெட்டிக்குள் பந்தை விழுத்த வேண்டும். அடுத்த புள்ளிக்கு இடப்புறம். தவறினால் ஃபோல்ட்; இன்னொரு வாய்ப்பு உண்டு. அதுவும் தவறினால் டபுள் ஃபோல்ட், புள்ளி எதிராளிக்கு. வலையை உரசிக்கொண்டு சரியான பெட்டியில் விழுந்தால் லெட். அந்த சர்வை மீண்டும் அடிக்கலாம். எதிராளியின் மட்டையில் படாமலே போன நல்ல சர்வ், ஏஸ்.

பந்து உங்கள் பக்கம் இருமுறை எழும்பினாலும், நீங்கள் அடித்தது வலையில் சிக்கினாலும், வெளியே விழுந்தாலும் புள்ளி போய்விடும்.

படி 3: கேம்

லவ் என்றால் பூச்சியம். பிறகு 15, 30, 40, அதன்பின் கேம். சர்வ் செய்பவரின் புள்ளியை முதலில் சொல்ல வேண்டும். 40–40 ஆனால் டியூஸ். அங்கிருந்து இரண்டு புள்ளிகள் தொடர்ந்து எடுத்தால்தான் கேம் கிடைக்கும். ஒன்று எடுத்தால் அட்வான்டேஜ், அடுத்ததை இழந்தால் மறுபடியும் டியூஸ். ஐந்து டியூஸ் வரை போராடித் தோற்றாலும், ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றாலும் இழப்பது அதே ஒரு கேம். பெடரரின் கூடுதல் புள்ளிகள் கரைந்த வழி இதுதான்.

படி 4: செட்

இரண்டு கேம் வித்தியாசத்தில் முதலில் 6 கேம் எடுப்பவருக்கு செட். 5–5 ஆனால் 7 வரை போகும். 6–6 என்றால் டை-பிரேக்: இரண்டு புள்ளி வித்தியாசத்துடன் 7 புள்ளி. அந்த இறுதிப் போட்டியின் மூன்று டை-பிரேக்குகளையும் ஜோகோவிச்சே வென்றார்.

படி 5: முக்கியமான புள்ளிகள்

எதிராளி சர்வ் செய்யும் கேமை வெல்வது பிரேக். அதற்கு ஒரே ஒரு புள்ளி மட்டும் தேவைப்படும் நிலை பிரேக் பொயின்ட். அப்போதும், 30–30, டியூஸ் ஆகிய நிலைகளிலும் கோட்டோரம் குறிவைக்காதீர்கள். தொடக்கநிலையில் பெரும்பாலான புள்ளிகள் சொந்தத் தவறால்தான் போகின்றன. வேகத்தைக் குறைத்தாவது முதல் சர்வை உள்ளே போடுங்கள். பின்பு மூலைக்கு மூலை அடியுங்கள்: அந்த வழியில் வலை நடுவில் தாழ்ந்திருக்கிறது, களமும் நேர்க்கோட்டைவிட ஏறத்தாழ 1.4 மீற்றர் நீளம்.

முதல் கேம் முடிந்ததும், பின்பு இரண்டு கேமுக்கு ஒருமுறையும் பக்கம் மாற வேண்டும். சோளகக் காற்று எதிரே வீசும் பக்கம் வந்தால் தயங்காமல் உயர்த்தி, பலமாக அடிக்கலாம். காற்று பந்தை உள்ளே இறக்கும். முதுகில் வீசினால் கோட்டுக்கு இரண்டு மீற்றர் உள்ளே குறிவையுங்கள்.