உளப்பகுப்பாய்வைத் தொடங்குவோர் அறிந்திருக்க வேண்டியவை

மருத்துவரிடம் போனால் மருந்துச்சீட்டு கிடைக்கும், பெரியவர்களிடம் போனால் அறிவுரை கிடைக்கும் என்று பழகிய நாம், பேச்சின் வழியே, நாமே அறியாத மனப்போக்குகளைக் கண்டறியும் சிகிச்சையான உளப்பகுப்பாய்வை (சைக்கோஅனாலிசிஸ்) நாடி, உளப்பகுப்பாய்வாளரின் அறைக்குள் நுழையும்போது இவ்விரண்டில் ஒன்றையாவது எதிர்பார்க்கிறோம். இரண்டும் அங்கே கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு போனால், முதல் மாதத்திலேயே மனம் சலித்துத் திரும்பிவிடாமல் இருக்கலாம்.

இச்சிகிச்சையின் நோக்கம் என்ன? இச்சிகிச்சையை உருவாக்கிய வியன்னா மருத்துவர் சிக்மண்ட் ஃப்ராய்ட், மற்றொரு மருத்துவரான யோசப் ப்ராயருடன் சேர்ந்து 1895இல் வெளியிட்ட நூலின் முடிவில் இதற்கு நேர்மையான பதில் ஒன்று இருக்கிறது. என் துன்பத்துக்குக் காரணமான வாழ்க்கைச் சூழலை உங்களால் மாற்ற முடியாதே, பிறகு எப்படி உதவுவீர்கள் என்று நோயாளி கேட்கிறார். நோயாக மாறிவிட்ட துயரத்தை எல்லோருக்கும் உள்ள சாதாரண வருத்தமாக மாற்றினாலே பெரிய ஆதாயம்தான், அதை எதிர்கொள்ளும் வலுவும் அப்போது உங்களுக்கு இருக்கும் என்பது ஃப்ராய்டின் பதில். வருத்தமே இல்லாத வாழ்வை அவர் வாக்களிக்கவில்லை. ஒருவர் மூன்று வேலைகளை விட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மேலதிகாரியும் தொடக்கத்தில் தெய்வமாகத் தெரிந்து, ஆறே மாதத்தில் பகைவராகிவிடுகிறார். நான்காவது வேலையைத் தேடித் தருவதோ, பொறுமையாக இருக்கச் சொல்வதோ பகுப்பாய்வின் வேலையல்ல. அவரை அறியாமல் அவருக்குள் திரும்பத் திரும்ப நடக்கும் அந்தக் கதையை அவரே கண்டுகொள்ளும்படி செய்வதுதான் அதன் வேலை.

தொடங்கும் முன் சிலவற்றை உறுதிசெய்துகொள்ளுங்கள். தற்கொலை எண்ணமோ, இல்லாத குரல்கள் கேட்பதோ இருந்தால் உடனே மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். இது அவசரத்துக்கு உதவும் சிகிச்சை அல்ல. மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. பகுப்பாய்வாளரிடம் எங்கே பயின்றீர்கள், நீங்களே பகுப்பாய்வுக்கு உட்பட்டிருக்கிறீர்களா என்று கேட்கத் தயங்க வேண்டாம்; அப்படி உட்படுவது இத்துறைப் பயிற்சியின் கட்டாயப் பகுதி. நம் நாட்டில் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கொல்கத்தாவில் நிறுவிய இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் இத்தகைய பயிற்சியை அளித்து வந்திருக்கிறது.

நேரத்தையும் பணத்தையும் முன்கூட்டியே கணக்கிடுங்கள். ஃப்ராய்ட் ஞாயிறு தவிர வாரத்தில் ஆறு நாளும் நோயாளிகளைப் பார்த்தார். இன்று வாரத்துக்கு மூன்று முதல் ஐந்து அமர்வுகள், ஒவ்வொன்றும் 45 அல்லது 50 நிமிடங்கள், அதுவும் ஆண்டுக்கணக்கில் என்பதே வழக்கம். வராத நாளுக்கும் கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள், ஃப்ராய்ட் வாங்கினார்.

மொழியையும் எண்ணிப் பாருங்கள். ப்ராயரிடம் சிகிச்சை பெற்றவரும், 'ஆன்னா ஓ.' என்ற புனைபெயரால் அறியப்பட்டவருமான பெண், நோயின் ஒரு கட்டத்தில் தாய்மொழியான ஜெர்மனை இழந்து ஆங்கிலம் மட்டுமே பேசினார். நமக்கும் அலுவலக ஆங்கிலத்தில் சொல்லும்போது வலிக்காத செய்தி, தமிழில் வாயெடுத்ததும் தொண்டையை அடைப்பதுண்டு. தமிழில் பேசக்கூடிய ஒருவர் கிடைத்தால் அது பெரும் பேறு.

இனி அறைக்குள் நடப்பது. நீங்கள் சாய்விருக்கையில் படுத்திருப்பீர்கள். பகுப்பாய்வாளர் உங்கள் பார்வையில் படாமல் தலைமாட்டில் அமர்ந்திருப்பார். உங்களுக்கு உள்ள விதி ஒன்றே: மனத்தில் தோன்றுவதையெல்லாம், அற்பம், பொருத்தமற்றது, வெட்கக்கேடு என்று கழிக்காமல் சொல்ல வேண்டும். ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்திருப்பவர், உள்ளே இருப்பவருக்கு வெளியே மாறிவரும் காட்சிகளைச் சொல்வதுபோலச் சொல்லுங்கள் என்று 1913இல் ஃப்ராய்ட் விளக்கினார். கேட்பதற்கு எளிது; செய்வது மிகக் கடினம். எடுத்துக்காட்டாக, அறையில் பினாயில் வாசனை அடிப்பதை உணர்கிறீர்கள். இதையா சொல்வது என்று விட்டுவிட்டு, தயாரித்து வந்த பேச்சைத் தொடர்கிறீர்கள். அந்த வாசனையைச் சொல்லியிருந்தால், ஏழு வயதில் அம்மா படுத்திருந்த மருத்துவமனை வராந்தாவும், உள்ளே விடாமல் கையைப் பிடித்து நிறுத்திய சித்தியும் நினைவில் எழுந்திருக்கக்கூடும். ஆகவே பேச்சைத் தயாரித்துக்கொண்டு போகாதீர்கள். ஒன்றும் தோன்றாவிட்டால், ஒன்றும் தோன்றவில்லை என்பதையே சொல்லுங்கள். எதைத் தொடும்போது மனம் வாயடைக்கிறது என்பதும் சிகிச்சைக்குத் தேவையான செய்திதான். அன்றன்று பேசியதை வீட்டிலோ நண்பரிடமோ கொட்டித் தீர்த்துவிடுவதும் நல்லதல்ல, ஏனெனில் அறைக்குள் வர வேண்டியது அவ்வழியே கசிந்துவிடும்.

சில மாதங்களில் பகுப்பாய்வாளர்மீது காரணம் புரியாத கோபமோ பாசமோ பயமோ வரும். முன்பு தாய் தந்தையர் போன்றோர்மீது கொண்ட உணர்வு இவர்மீது வந்து ஏறுகிறது. டிரான்ஸ்ஃபரன்ஸ் எனப்படும் இந்த உணர்வுப் பெயர்ச்சிதான் சிகிச்சையின் உயிர்நாடி என்பது என் உறுதியான எண்ணம். பழைய கதை நினைவாக வராமல், கண்முன்னே மறுபடி நடக்கிறது. 'டோரா' என்று ஃப்ராய்ட் பெயர் மாற்றி எழுதிய இளம்பெண், சுமார் பதினொரு வாரங்களில், 1900 டிசம்பர் 31 அன்று சிகிச்சையை முறித்துக்கொண்டு வெளியேறினார். இப்பெயர்ச்சியை உரிய காலத்தில் கையாளத் தவறியதாக ஃப்ராய்ட் பின்னர் ஒப்புக்கொண்டார். எனவே, இனி வரவே கூடாது என்று தோன்றும் நாளில் தொலைபேசியில் செய்தி அனுப்பி முடித்துக்கொள்ளாமல், நேரில் வந்து அதையே பேசுங்கள். ஒன்றை மட்டும் வேறுபடுத்திப் பாருங்கள்: பகுப்பாய்வாளர் உங்களைத் தகாத முறையில் தொட்டாலோ, உறவுக்கு அழைத்தாலோ அது பெயர்ச்சி அல்ல, குற்றம், உடனே வெளியேறிப் புகார் செய்யுங்கள்.

காரணம் புரிந்த மறுநாளே மனம் மாறிவிடாது. புரிந்த ஒன்றையே வெவ்வேறு கோலத்தில் பலமுறை சந்தித்துத் தேய்த்துக் கரைக்க வேண்டியிருக்கிறது. நாள் பிடிப்பது இதனால்தான். திருமணம், பதவி விலகல் போன்ற பெரிய முடிவுகளை இக்காலத்தில் எடுக்க நேர்ந்தால், முதலில் அறைக்குள் பேசிவிட்டு எடுங்கள்.

முடிக்கும் காலத்தை இருவரும் பேசித்தான் குறிக்க வேண்டும். அறிகுறிகள் குறைந்திருப்பதோடு, பழைய கதை தொடங்கும்போதே அதை அடையாளம் காண உங்களால் முடிகிறதா என்று பாருங்கள். பகுப்பாய்வு முழுமையாக முடிவடைவது உண்டா என்ற கேள்வியை ஃப்ராய்ட் 1937இல், தம் 81ஆம் வயதிலும் எழுப்பிக்கொண்டிருந்தார். ஆகவே எல்லாம் தீர்ந்த பிறகே நிறுத்துவேன் என்று காத்திருக்க வேண்டாம். நாள் குறித்தபின் பழைய தூக்கமின்மையோ பதற்றமோ திரும்ப வருவதுண்டு. அதற்கு அஞ்சி உடனே நாளைத் தள்ளிப்போடாமல், பிரிவதைப் பற்றி மனத்தில் எழுவதையெல்லாம் எஞ்சிய அமர்வுகளில் சொல்லிவிடுங்கள்.