36 டிகிரிதானே என்று கிளம்பும் முன் ஈரப்பதத்தையும் பாருங்கள்

வெப்பம் 32 டிகிரிதான், ஆனால் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு உயிரை வாங்குகிறது. வியர்ப்பதால் மட்டும் உடம்பு குளிர்வதில்லை, வியர்வை காயும்போதுதான் குளிர்கிறது. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் அது காயாமல் சொட்டி வீணாகும். 32 டிகிரியில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் உடம்பு உணர்வது சுமார் 33, அதுவே 70 சதவீதம் என்றால் 41.

படி 1: வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் ஒரே நேரத்துக்குப் பாருங்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். காலையில் 90 சதவீதம் என்று பார்த்துவிட்டு அதை மதியத்து 36 டிகிரியோடு சேர்த்தால் எந்த அட்டவணையிலும் இல்லாத எண் வரும், ஏனென்றால் காற்று சூடாக ஆக அதே அளவு நீராவிக்கு சதவீதம் இறங்கிக்கொண்டே போகும். காலை 26 டிகிரியில் 90 சதவீதம் இருந்த காற்று, மதியம் 36 ஆகும்போது ஏறக்குறைய 50 சதவீதம்தான் காட்டும். "அப்பாடா, ஈரம் குறைந்துவிட்டது" என்று நினைக்காதீர்கள், உணரும் வெப்பம் அப்போது 43!

இந்தக் குழப்பமே வேண்டாம் என்றால் வானிலைச் செயலியில் டியூ பாயிண்ட் (காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) எண்ணைப் பாருங்கள். அது 24-ஐத் தாண்டினால் நல்ல புழுக்கம். எனக்கு சதவீதத்தைவிட இதில்தான் நம்பிக்கை.

படி 2: உணரும் வெப்பத்தைப் பாருங்கள், செயலியிலேயே இருக்கும். ஹீட் இண்டெக்ஸ் என்று சொல்லப்படும் இந்த எண் நிழலுக்கான கணக்கு, நேர் வெயிலில் 8 டிகிரி வரை கூடலாம். அமெரிக்க வானிலை சேவையின் அட்டவணையில் சுமார் 39-க்கு மேல் போனாலே 'ஆபத்து'.

படி 3: அப்படிப்பட்ட நாளில் கடின வேலையை அதிகாலைக்குத் தள்ளுங்கள், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். மின்விசிறி உதவும், ஆனால் அறை வெப்பம் 40-ஐத் தாண்டினால் அது அனல் காற்றைத்தான் உடம்பில் வீசும்.

படி 4: யாராவது உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ அது வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்) இருக்கலாம். வியர்க்கிறதே, ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள், உழைத்துக் களைத்தவர்களுக்கு வியர்த்துக்கொண்டிருக்கும்போதே வெப்பவாதம் வரும். உடனே ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, நிழலுக்குத் தூக்கிப்போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், புரையேறிவிடும்.