பையை நீங்கள் அடுக்காதீர்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாகச் சேரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு, என் மகனிடம் நான் செய்த பழைய தவறுகளும் மாடியேறி வருகின்றன. போனைக் கொடுக்காதீர்கள், சீக்கிரம் தூங்க வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விடுங்கள். பிள்ளைகள் தங்கள் வேலையைத் தாங்களே நினைவில் வைத்துச் செய்யப் பழகவிடாமல் நாம் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

பிள்ளையின் ஞாபகசக்தி வேலையை நாமே பார்ப்பது

"அவன் மறந்துடுவான் மிஸ், நானே எடுத்து வெச்சிடறேன்." பிள்ளையை பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்வார்கள். இன்றைக்கும் இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. பெல்ட்டை மறந்தான் என்று ஸ்கூட்டியில் கெடிலம் பாலம் தாண்டிப் போய்க் கொடுத்துவிட்டு வரும் அம்மாக்கள் இருக்கிறார்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். மகனுக்கு ஐந்தாம் வகுப்பு முடியும்வரை தினமும் ராத்திரி டைம்டேபிள் பார்த்துப் பை அடுக்கியது நான்தான். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் நெல்லிக்குப்பம் போனேன். மூன்று நாளும் திங்கட்கிழமைப் புத்தகங்களோடே போயிருக்கிறான். கணக்குப் பரீட்சைக்கு ஜியாமெட்ரி பாக்ஸ் இல்லை. வந்ததும் அவனைத்தான் திட்டினேன். யாருமே சொல்லித் தராத வேலைக்கு அவன் திட்டு வாங்கினான்.

செய்ய வேண்டியதை மனதில் வைத்திருப்பது, ஆசைப்பட்டதைக் கொஞ்சம் தள்ளிப்போடுவது, நிலைமை மாறினால் திட்டத்தை மாற்றுவது. இவற்றைச் சேர்த்து எக்ஸிக்யூட்டிவ் ஃபங்ஷன் என்கிறார்கள். இதில் பெரும்பங்கு வகிக்கும் மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டித்தான் முழுதாக முதிர்கிறது. பத்து வயதில் மறப்பது திமிர் இல்லை. ஆனால் பழக்கினால்தான் வரும்.

சரி, எப்படிப் பழக்குவது? கொண்டுபோக வேண்டியவற்றை அவனையே எழுதச் சொல்லி வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். நாலாவது வரி: "தண்ணி பாட்டில், மூடியும்." மூடி இல்லாமல் போய் நோட்டெல்லாம் நனைந்த அனுபவம் அவனுடையது. முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, "நாளைக்கு முதல் பீரியட் என்ன?" என்று மட்டும் கேட்டேன். பையைத் தொடவில்லை. அப்புறம் அடுப்படியில் இருந்தபடியே கேட்டேன். கடைசியில், "பை?" என்ற ஒரு சொல். இதற்கே நாலு மாதம் ஆனது. நடுவில் காலாண்டு லீவு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

ஒரேயடியாகக் கைவிடுவதும் தவறுதான். 1976-இல் வுட், புரூனர், ராஸ் என்ற மூன்று உளவியல் ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட உதவியைக் கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தோடு ஒப்பிட்டார்கள். சுவர் நிற்கும் முன்பே எந்தக் கொத்தனாரும் சாரத்தைப் பிரிக்க மாட்டார்.

ஒரே மூச்சில் ஐந்து வேலை சொல்வது

கை கால் கழுவு, யூனிபார்மை ஊறப்போடு, டிபன் பாக்ஸை எடுத்து வை... மூன்றாவதற்குள் முதலாவது போயிருக்கும். ஒன்று முடிந்ததும் அடுத்ததைச் சொல்லுங்கள்.

கடையில் வாங்கிய கலர் சார்ட்

தங்கள் கையெழுத்தில் இல்லாத பட்டியலைப் பிள்ளைகள் படிப்பதில்லை.

"பத்து நிமிஷத்துல வா"

கடிகார முள்ளைக் காட்டிச் சொல்லுங்கள்.

அண்ணனோடு ஒப்பிடுவது

வேண்டவே வேண்டாம்.

போட்ட திட்டத்தை மாற்ற விடாதது

நவம்பரில் கடலூரில் மழை லீவு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. லீவு விட்டதும் புதுத் திட்டத்தை நாமே போட்டுக் கொடுத்துவிடுகிறோம். போன மழைக்கு என்னிடம் படிக்கும் ஒரு பெண், அறிவியல் டெஸ்ட் தள்ளிப்போனது தெரிந்ததும் யாரும் சொல்லாமலே நோட்டைத் திறந்தாள். "வியாழன்" என்பதை ரப்பரால் அழித்தாள். பென்சில் நுனியைக் கடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சனி, வரலாறு முடிச்சிட்டு" என்று எழுதினாள். அவள் அம்மா வாயைத் திறந்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.