ஜென்டூவில் கேட்காத பேக்கேஜ் வந்து நின்றால்

வேளச்சேரியில் மே மாத மதியம், மின்விசிறியே அனல் காற்றைத்தான் வீசும். அந்த நேரத்தில் தேவையில்லாத ஒன்றை, ஜென்டூ லினக்ஸ் ஓடும் லேப்டாப் கம்பைல் செய்துகொண்டிருப்பதை (மூலக் குறியீட்டிலிருந்து உருவாக்கிக்கொண்டிருப்பதை) பார்க்கவே மனசு கேட்காது. என் வீட்டில் பிரிண்டர் கிடையாது. ஆனாலும் அப்டேட் பட்டியலில், பிரிண்டருக்கான மென்பொருளான கப்ஸ் வந்து நின்றது.

இப்படி வந்தால் உடனே மாஸ்க் செய்யாதீர்கள், அதாவது அதை நிறுவவே கூடாது என்று தடுத்துவிடாதீர்கள். மாஸ்க் செய்தால் அதைக் கேட்கும் பேக்கேஜும் முரண்டு பிடிக்கும். யார் இழுத்து வருகிறார்கள் என்பதை முதலில் பாருங்கள். பேக்கேஜ்களை நிறுவும் எமெர்ஜ் கட்டளையோடு பிரிடெண்ட், வெர்போஸ், ட்ரீ என்ற மூன்று ஆப்ஷன்களையும் சேர்த்துக் கொடுத்தால், எதுவும் நிறுவாமல் பட்டியலை மட்டும் காட்டும். கப்ஸ் வரி உள்தள்ளி இருக்கும். அதற்கு மேலே, குறைவாக உள்தள்ளிய வரிதான் அதைக் கேட்டது. எனக்கு அது ஜிடிகே, அதாவது ஜன்னல், பட்டன்களைத் திரையில் காட்ட உதவும் நூலகம். ஜென்டூவின் தயார் அமைப்புத் தொகுப்பான டெஸ்க்டாப் புரொஃபைல், கப்ஸ் யூஸ் ஃபிளாகை (பேக்கேஜில் அந்த வசதி வேண்டும் என்று சொல்லும் குறியை) தானாகவே போட்டுவிடுகிறது.

தனித்தனி பேக்கேஜுக்கு யூஸ் ஃபிளாக் எழுதும் பேக்கேஜ்.யூஸ் கோப்பில் ஜிடிகே பெயருக்குப் பக்கத்தில் மைனஸ் போட்டு கப்ஸ் என்று எழுதினேன். அப்புறம் மறுபடியும் பிரிடெண்ட். பட்டியலில் கப்ஸ் இல்லை!

கப்ஸை ஏற்கெனவே நிறுவியிருந்தால், சேஞ்ட்-யூஸ், டீப் ஆப்ஷன்களைக் கொடுத்து வேர்ல்டை (நிறுவிய மொத்தத் தொகுப்பை) அப்டேட் செய்த பிறகே, யாருக்கும் தேவைப்படாத பேக்கேஜ்களை நீக்கும் டிப்கிளீன். அதையும் முதலில் பிரிடெண்ட் போட்டு, பட்டியலை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.