மீட்டர் கேபிள் அறுந்தால், ஏன் அறுந்தது என்று முதலில் பாருங்கள்

இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்பீடோமீட்டர் முள் ஆடத் தொடங்கினால், வண்டிக்காரர் செய்யும் முதல் வேலை புது கேபிள் வாங்குவது. பெரும்பாலும் அதுதான் முதல் தவறும். கேபிள் மலிவு, எளிதாகக் கிடைக்கும். அதனால் எல்லாப் பழியும் அதன் தலையில்.

அந்தக் கேபிள் செய்யும் வேலை ரொம்ப எளிது. கியர்பாக்ஸ் பக்கத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம் உறைக்குள் இருக்கும் கம்பியைச் சுற்றுகிறது. கம்பியின் மறுமுனை, டேஷ்போர்டில் இருக்கும் ஸ்மித்ஸ் கம்பெனி மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தை ஒட்டி, முள் பொருத்திய ஒரு அலுமினியக் கிண்ணம். இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. சுழலும் காந்தம் கிண்ணத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி, தன்னோடு இழுக்கப் பார்க்கும். மெல்லிய சுருள் ஸ்பிரிங் ஒன்று அதைப் பிடித்து நிறுத்தும். இந்த இழுபறியில் முள் நிற்கிற இடம்தான் வேகம். மைல் கணக்குச் சக்கரங்கள் மட்டும் நேரடியாகப் பல்லோடு பல் கோர்த்து ஓடுகின்றன.

இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விக்கு வண்டிக்கு அடியில் படுக்காமலே பதில் கிடைத்துவிடும். மைல் ஓடுகிறது, முள் அசையவில்லை: கோளாறு மீட்டருக்குள். முள் சரியாக இருக்கிறது, மைல் ஓடவில்லை: அதுவும் மீட்டருக்குள்தான். இரண்டும் செத்துவிட்டால்தான் கேபிள் மேல் சந்தேகப்படலாம். அப்போதும் கேபிளோடு நிறுத்தக் கூடாது. கியர்பாக்ஸ் பல்சக்கரத்தையும் பார்க்க வேண்டும். ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இன்னொரு இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி வண்டியென்றால், கேபிளை வளைத்துக் கொடுக்கும் செங்கோணப் பெட்டியும் அடிக்கடி தேய்ந்து போகும்.

கம்பி நிஜமாகவே அறுந்திருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். புதுசை மாட்டும் முன், அறுந்த துண்டின் சதுர நுனியை மீட்டரின் பின்பக்கத் துளையில் செருகி, இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி சுற்ற வேண்டும். நெருடினாலோ, விட்டுவிட்டுச் சுற்றினாலோ உள்ளே தண்டு காய்ந்து பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அந்த மீட்டரோடு புதுக் கேபிளை மாட்டினால் அதுவும் சீக்கிரமே அறும்.

கிரீஸ் விஷயத்தில் நம் கை ரொம்பத் தாராளம். புல்லட்டுக்கு மீட்டர் கேபிள் மாற்றிப் பழகியவர்களுக்கு இது தெரியும்: உறை நிறையக் கிரீஸை அடைத்துவிட்டால் நிம்மதி என்று ஒரு நினைப்பு. நானும் அப்படி அடைத்தவன்தான். சுழலும் கம்பி ஒரு திருகாணி மாதிரி. கிரீஸை மெல்ல மேலே ஏற்றி மீட்டருக்குள் தள்ளிவிடும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் இடையே அது புகுந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தெருமுனை தாண்டுவதற்குள் என் மீட்டர் 90 மைல் காட்டியது. சரியான முறை இது: கம்பி முழுக்க லேசாகக் கிரீஸ் தடவி உறைக்குள் செலுத்துங்கள். பிறகு மீட்டர் பக்கமாக 20 செ.மீ. அளவுக்கு வெளியே இழுத்து, அந்த நீளத்தைத் துணியால் துடைத்துவிட்டுத் திரும்பத் தள்ளுங்கள். எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம்.

உறையின் மீட்டர் முனையில் கம்பி சுமார் 1 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் மீட்டரைப் பிடிக்காது. கூடினால் மீட்டருக்குள் முட்டித் தேயும். அளவு சரியில்லை என்றால் பெரும்பாலும் கீழ்முனையில் சதுர நுனி துளைக்குள் உட்காரவில்லை. நட்டை முறுக்கி உள்ளே இழுத்துவிடலாம் என்று ஸ்பானர் போடாதீர்கள். பின்சக்கரத்தை யாரையாவது மெதுவாகச் சுற்றச் சொல்லி, கம்பியை லேசாக அழுத்தினால் தானாக உட்காரும். நட்டுக்கு விரல் முறுக்கு போதும்.

வளைவுக்கும் கணக்கு உண்டு. வளைவின் ஆரம் 15 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இரு முனைகளிலும் முதல் 5 செ.மீ. நேராக இருக்க வேண்டும். 30 மைலில் முள் கோழித்தலை மாதிரி ஆடினால், எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது. அப்புறம், இடப்பக்க ஸ்டீயரிங்கா, வலப்பக்கமா, ஓவர்டிரைவ் (கியர்பாக்ஸோடு சேரும் கூடுதல் உயர்கியர்) உண்டா என்று பார்த்து நீளத்தைத் தேர்ந்தெடுங்கள். நீளம் மிஞ்சினால் சுருட்டிக் கட்டுவோம், அந்தச் சுருளே மடிப்பாகும்.

டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விடும் முன் பேட்டரியை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். பழுப்பு ஒயர்களில் சாவி அணைத்திருந்தாலும் மின்சாரம் இருக்கும், நடுவே ஃபியூஸும் கிடையாது. எர்த் என்றால் மைனஸ்தான் என்று எண்ணிவிடாதீர்கள். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பிளஸ்தான் எர்த்.

புதுக் கேபிள் போட்ட பிறகு வேகம் தப்பாகக் காட்டுகிறது என்று கேபிளைத் திட்டுபவர்கள் உண்டு. கம்பி சுற்றும், சுற்றாமலிருக்கும். தப்புக் கணக்குப் போட அதற்குத் தெரியாது. மீட்டர் முகப்பில் 1280 என்றோ 1000 என்றோ சின்னதாக ஓர் எண் இருக்கும்: ஒரு மைலுக்குக் கம்பி எத்தனை சுற்று என்பது அது. டயரோ, கியர்பாக்ஸோ, மீட்டரோ எப்போதோ மாறியிருந்தால் இந்த எண் வண்டியோடு பொருந்தாது. சோதிக்க மேல்முனையைக் கழற்றி, நுனியில் ஒரு அட்டைத் துண்டைக் குத்தி, பின்சக்கரம் ஆறு சுற்று சுற்றும்வரை வண்டியைத் தள்ளுங்கள். அட்டை சுற்றிய எண்ணிக்கையை 1680ஆல் பெருக்கி, சக்கர மையத்திலிருந்து தரைவரை உள்ள உயரத்தால், அங்குலத்தில், வகுங்கள். 9 சுற்று, 12 அங்குலம் என்றால் 1260. 1280 மீட்டருக்கு இது போதும்.

டிரில்லில் மாட்டி மீட்டரைச் சுற்றிப் பார்க்கும் ஆர்வம் எல்லோருக்கும் வரும். 1280 மீட்டர், நிமிடத்துக்கு 1280 சுற்றில் 60 மைல் காட்டும். டிரில்லை 3000 சுற்றில் முழுதாக அழுத்தினால் 140 மைல்; முகப்பில் 120 வரைதான் எண் இருக்கும்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு மேல் நட்டைக் கழற்றி, கம்பி நுனியை விரலால் தொட்டுப் பாருங்கள். கெட்டியான கிரீஸ் ஒட்டினால் கவலையில்லை. நீர்த்த எண்ணெய் வந்தால் அது கியர்பாக்ஸ் எண்ணெய்; எம்ஜிபி கியர்பாக்ஸில் என்ஜின் ஆயிலையேதான் ஊற்றுகிறோம், சுலபமாக ஏறிவிடும். கேபிளைக் கழுவிவிட்டு, கீழே பல்சக்கரக் கூட்டில் இருக்கும் ஆயில் சீலை மாற்றுங்கள்.