வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்குப் பாடத்தைப் போனில் கேட்க வைப்பது எப்படி?

ஆறாம் வகுப்புப் பிள்ளை சமூக அறிவியல் பாடத்தில் ஒரு பத்தியை வாசித்து முடிக்கப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. முடித்ததும் என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறது. அதே பத்தியை நீங்கள் வாசித்துக் காட்டினால் கேள்விக்கெல்லாம் டக்கென்று பதில் சொல்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைக்கான செய்முறை இது. ஒரு சாதாரண ஆண்ட்ராய்டு போன் போதும். ஒரு தடவை மட்டும் கம்ப்யூட்டர் கிடைத்தால் வேலை சுளுவாகும். செலவு எதுவும் இல்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். படித்துக் காட்டும் ஆப்பை அமைக்கப் பத்து நிமிடம் ஆகாது. பாடத்தைப் போன் சரியாகப் படிக்கும்படி திருத்தித் தருவதுதான் உண்மையான வேலை. அதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் "இதெல்லாம் தமிழுக்குச் சரிப்படாது" என்று ஒரே வாரத்தில் கைவிடுகிறார்கள்.

தொடங்கும் முன் ஒரு சோதனை

கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் முடிந்திருக்க வேண்டும். பிறகு பாடப் புத்தகத்திலிருந்து இன்னும் நடத்தாத இரண்டு பத்திகளை எடுங்கள், ஒவ்வொன்றும் எட்டு வரி அளவில். ஒன்றை நீங்கள் வாசித்துக் காட்டி மூன்று கேள்வி கேளுங்கள். மற்றதைப் பிள்ளையே வாசிக்கட்டும், அதிலும் மூன்று கேள்வி. கேட்டதில் நன்றாகச் சொல்லி, வாசித்ததில் தடுமாறினால் இந்த முறை உதவும். இரண்டிலும் பதில் வரவில்லை என்றால் சிக்கல் எழுத்தில் மட்டும் இல்லை. சொற்களும் பாடப்பொருளுமே புரியவில்லை என்று பொருள். அங்கே போன் எவ்வளவு அழகாகப் படித்தாலும் பயன் குறைவு, முதலில் பேசி விளக்க வேண்டும்.

படி 1: தமிழ்க் குரலை இறக்குவது

செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'டெக்ஸ்ட் டு ஸ்பீச்' (எழுத்தைக் குரலாக்கும் வசதி) என்று தேடுங்கள். இந்தப் பகுதி கம்பெனிக்குக் கம்பெனி வேறு இடத்தில் ஒளிந்திருக்கும், அதனால் தேடுவதே சுலபம். 'பிரிஃபர்டு இன்ஜின்' என்ற இடத்தில் கூகுளின் ஸ்பீச் சர்வீசஸ் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு இருந்தால் மாற்றுங்கள். பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, 'இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டா' வழியாகத் தமிழ் (இந்தியா) குரலை இறக்கிக்கொள்ளுங்கள். ஆண் குரல், பெண் குரல் என்று சில இருக்கும். எது வேண்டும் என்பதைப் பிள்ளையே கேட்டுத் தேர்ந்தெடுக்கட்டும், தினமும் கேட்கப் போவது அவர்கள்தான்.

மொழியைத் தமிழ் என்றே வையுங்கள். 'சிஸ்டம் லாங்குவேஜ்' என்று விட்டுவிட்டால், மெனு ஆங்கிலத்தில் உள்ள போனில் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைப் பார்த்து வாயடைத்து நிற்கும். "சத்தமே வரவில்லை" என்பதற்கு வழக்கமான காரணம் இதுதான். அடுத்த காரணம், குரல் முழுதாக இறங்காதது. மூன்றாவது, மீடியா வால்யூமைக் கூட்டாமல் ரிங்டோன் வால்யூமைக் கூட்டிக்கொண்டிருப்பது.

பேசும் வேகத்தை வழக்கமான வேகத்தில் முக்கால் பங்குக்குக் குறையுங்கள். அதற்கும் கீழே போக வேண்டாம். மிக மெதுவானால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அறுந்து விழும், வாக்கியத்தின் பொருள் பிடிபடாது.

படி 2: செலக்ட் டு ஸ்பீக்

செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி பகுதியில் 'செலக்ட் டு ஸ்பீக்' இருக்கும். இல்லாவிட்டால் பிளே ஸ்டோரிலிருந்து ஆண்ட்ராய்டு அக்சசிபிலிட்டி சூட் என்ற ஆப்பைப் போட்டால் வந்துவிடும். அதை ஆன் செய்ததும் திரை ஓரத்தில் ஒரு சிறு பொத்தான் தோன்றும். பொத்தானைத் தொட்டு, பிறகு பத்தியைத் தொட்டால் போன் படிக்கும், படிக்கும் இடத்தை நிறமடித்தும் காட்டும். அருகிலேயே இருக்கும் டாக்பேக்கைத் தவறி ஆன் செய்துவிடாதீர்கள். அது பார்வையற்றவர்களுக்கானது. தொடும் முறையே மாறிவிடும், அணைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

புத்தகத்தைப் போட்டோ எடுத்து அதன்மேல் நேராகச் செலக்ட் டு ஸ்பீக்கை ஓட்டினால் தமிழ் வராது. படத்தில் உள்ள எழுத்தை முதலில் டைப் செய்த எழுத்தாக மாற்ற வேண்டும். அதுதான் அடுத்த படி.

படி 3: பாடத்தை எழுத்தாக மாற்றுவது

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பிடிஎஃப் கோப்பாக அரசுத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. இறக்கியதும் ஒரு வரியைக் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் அதிர்ஷ்டம், நேராக எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து குப்பையாக வந்தால், அந்தப் புத்தகம் யூனிகோடு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத பழைய எழுத்துருவில் அச்சுக்கோக்கப்பட்டது. பார்க்கத் தமிழ், உள்ளே தமிழ் இல்லை. போன் அதைப் படிக்கவே முடியாது.

அப்போது செய்ய வேண்டியது இது. கம்ப்யூட்டரில் குரோம் உலாவியில் பிடிஎஃப்பைத் திறந்து, பிரிண்ட் கொடுத்து, 'சேவ் ஆஸ் பிடிஎஃப்' தேர்ந்தெடுத்து, அந்த ஒரு பாடத்தின் பக்க எண்களை மட்டும் கொடுத்துச் சேமியுங்கள். கோப்பு 2 எம்பிக்குள் இருக்கட்டும், கூகுள் பரிந்துரைக்கும் அளவு அது. தாண்டினால் இரண்டாகப் பிரியுங்கள். அதைக் கூகுள் டிரைவில் ஏற்றி, ரைட் கிளிக் செய்து 'ஓப்பன் வித்', அதில் கூகுள் டாக்ஸ். சற்று நேரத்தில் எழுத்தெல்லாம் டாக்ஸில் வந்து நிற்கும்.

கம்ப்யூட்டரே இல்லையென்றால், படத்திலிருந்து எழுத்தை எடுத்துத் தரும் கூகுள் லென்ஸ். பக்கத்தைப் போட்டோ எடுத்து, எழுத்தைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்யுங்கள். இதற்கு இணையம் வேண்டும். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், போனைப் பக்கத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். தையல் ஓரத்தில் தாள் வளைந்திருந்தால் அங்குள்ள சொற்கள்தான் முதலில் சிதையும், யாரையாவது புத்தகத்தை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். பெரிய பக்கமானால் மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு படம்.

புத்தகத்தை இப்படி மாற்றலாமா என்ற தயக்கம் சில பள்ளிகளில் உண்டு. மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக அவர்களுக்கேற்ற வடிவில் நகலெடுக்க, காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் இடம் தருகிறது.

படி 4: திருத்துவது

இங்கேதான் நேரம் போகும், போகட்டும். புத்தகத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டு போனைப் படிக்க விடுங்கள். கண்ணுக்குத் தப்பிய பிழை காதில் உடனே இடறும்.

புத்தகத்தின் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு என்டர் வந்திருக்கும். குரல் அங்கெல்லாம் வாக்கியம் முடிந்ததுபோல நிற்கும். ஒரு சொல் இரண்டு வரியில் உடைந்திருந்தால் இன்னும் மோசம்: 'விவசா' என்று ஒரு மூச்சு, 'யிகள்' என்று இன்னொன்று. வரிகளைச் சேர்த்துப் பத்தியாக்குங்கள். பக்கத் தலைப்பு, பக்க எண், படத்தின் கீழ்க் குறிப்பு இவையெல்லாம் வாக்கியத்தின் நடுவே வந்து உட்கார்ந்திருக்கும், நீக்குங்கள். இடம், வலம் என்று இரண்டு நெடுவரிசையாக அச்சான பக்கமானால், இடது வரியும் வலது வரியும் பின்னிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஔகாரம் தனியாகக் கவனிக்க வேண்டியது. 'பௌர்ணமி'யில் வரும் துணைக்குறியும் ளகரமும் பார்வைக்கு ஒன்றே. மென்பொருள் அதைப் பெ, ள என்று இரண்டெழுத்தாக எடுத்துக்கொள்ளும், குரலும் 'பெள' என்று படிக்கும். பௌத்தம், கௌதமர், மௌரியர் என்று பெயர்கள் நிறைந்த வரலாற்றுப் பாடத்தில் இது தொல்லை. 'ஃபைண்ட் அண்ட் ரீபிளேஸ்' கொண்டு ஒவ்வொரு பெயரையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம்.

சுருக்கங்களை விரித்து எழுதுங்கள். "கி.பி. 985இல் ஆட்சிக்கு வந்த முதலாம் இராஜராஜன்" என்று இருந்தால் குரல் ஒவ்வொரு புள்ளியிலும் தடுக்கி விழலாம். "கிறித்து பிறந்த பின் 985ஆம் ஆண்டில் ஆட்சிக்கு வந்த முதலாம் இராஜராஜன்" என்று மாற்றினால் ஒழுங்காக ஓடும். ச.கி.மீ., செ.மீ. எல்லாவற்றுக்கும் இதே வைத்தியம். கணக்குச் சூத்திரங்களை இந்த வழியில் முயலவே வேண்டாம், அதை ஒரு மனிதர் படித்துக் காட்டுவதே மேல்.

திருத்தியதை உட்தலைப்புக்கு ஒன்றாகக் கூகுள் கீப் என்ற குறிப்பேட்டு ஆப்பில் குறிப்புகளாக ஒட்டி வையுங்கள். போனில் திறந்ததும் அந்தப் பகுதி மட்டும் கண்முன் இருக்கும். ஆங்கிலப் பாடத்துக்குத் தனிக் குறிப்பு, தனிக் குரல். இரண்டையும் கலந்தால் தமிழ்க் குரல் ஆங்கிலத்தைத் தன் போக்கில் உச்சரித்துப் பிள்ளையைக் குழப்பும். ஒரு பாடத்தை ஒருவர் திருத்தினால் வகுப்பில் தேவைப்படும் மற்றப் பிள்ளைகளுக்கும் ஆகும், ஆசிரியர்களே பங்கிட்டுச் செய்யலாம்.

அச்செடுத்துத் தருவதானால்

நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எளிய எழுத்துரு, 16 முதல் 18 புள்ளி, வரி இடைவெளி 1.5, இடப்பக்கம் மட்டும் ஒழுங்கு. இருபுறமும் ஒழுங்குபடுத்தினால், தமிழின் நீளச் சொற்களால் வரிக்கு நடுவே பெரிய ஓட்டைகள் விழும், கண் அங்கே சிக்கும். டிஸ்லெக்சியா (எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு) உள்ளவர்களுக்கென்று சொல்லப்படும் 'டிஸ்லெக்சியா எழுத்துரு' ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். அப்படிப்பட்ட ஓப்பன்டிஸ்லெக்சிக் எழுத்துருவில் தமிழ் எழுத்துகளே கிடையாது. ஆங்கிலத்திலும் அதனால் வாசிப்பு மேம்படுவதாக ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. பக்கத்தின் மேல் வைத்து வாசிக்கும் வண்ணக் கண்ணாடித் தாள்களும் அப்படித்தான், பணம் கொடுத்து வாங்கும் பொருளல்ல.

ஒரு துண்டு அட்டை உதவும். வழக்கமாக வாசிக்கும் வரிக்குக் கீழே வைப்பார்கள். நாங்கள் மேலே வைக்கச் சொல்வோம். படித்து முடித்த வரிகள் மறையும், கண் அடுத்த வரிக்கு இறங்க வழி திறந்திருக்கும்.

படி 5: தினம் இருபது நிமிடம்

குரலை இறக்கிவிட்டதால் இணையம் தேவையில்லை. ஏரோபிளேன் மோடில் போடுங்கள், வாட்ஸ்அப் எட்டிப் பார்க்காது. வயர் உள்ள இயர்போன் நல்லது. புளூடூத்தில் ஒலி சற்றுப் பின்தங்கும், நிறமடிக்கும் சொல்லும் காதில் விழும் சொல்லும் பொருந்தாமல் போகும்.

ஒரு நாளைக்கு ஒரு பத்தி, ஆறிலிருந்து எட்டு வரி. பத்தி எதைப் பற்றியது என்று முதலில் இரண்டு வாக்கியத்தில் பேசிவிடுங்கள். பிறகு முழுப் பத்தியையும் கண் எழுத்தின் மேல் இருக்கக் கேட்கட்டும். அடுத்து வாக்கியம் வாக்கியமாக: போன் ஒன்று படிக்கும், நிறுத்த வேண்டும், பிள்ளை அதையே புத்தகத்தைப் பார்த்து வாசிக்க வேண்டும். கடைசியில் போன் இல்லாமல் ஒரு தடவை. கண் எங்கோ இருக்கக் காது மட்டும் கேட்டால் பாடம் மண்டையில் ஏறும், வாசிப்பு வளராது. இரண்டுக்கும் இடம் உண்டு. தேர்வுக்கு முந்தைய வாரம் காதால் மட்டும் கேட்பதில் தப்பில்லை.

பிழையைக் குறிக்கும்போது ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். 'சென்றனர்' என்று இருப்பதைப் 'போனாங்க' என்று வாசித்தால் பொருள் பிடிபட்டுவிட்டது, எழுத்து மட்டும் நழுவியது. வீட்டில் பேசும் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் உள்ள தூரம் அது. 'சென்றனர்' என்பதைச் 'சேற்றினர்' என்று வாசித்தால் எழுத்தும் போயிற்று, பொருளும் போயிற்று. உழைப்பை இரண்டாவதில் போடுங்கள்.

எழுத்திலேயே சிக்கும் பிள்ளைக்கு

'கொ' என்ற எழுத்தில் கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் க. வரிசையாகப் படிக்கும் பிள்ளை 'கெ' என்று தொடங்கி, காலைப் பார்த்ததும் தடுமாறும். முன்னும் பின்னும் உள்ள குறிகளை ஒரே வண்ணப் பென்சிலால் தீட்டுங்கள், மெய்யைக் கருப்பாகவே விடுங்கள். இரு புறமும் ஒரே நிறம் தெரிந்தால் மூன்றையும் சேர்த்து ஒரே எழுத்தாகப் பார்க்கப் பழகுவார்கள். கொ, கோ, கௌ மூன்றுக்கும் செய்தால் போதும், எல்லா எழுத்துக்கும் வண்ணம் பூசினால் மறுபடி குழப்பம்தான்.

நீளச் சொல்லைப் பென்சில் கோட்டால் வெட்டுங்கள்: படித்துக் | கொண்டிருந் | தார்கள். எழுத்தெழுத்தாக வெட்டாமல் இப்படிப் பொருளோடு வெட்டினால், 'கொண்டிருந்' என்ற துண்டு அடுத்த பக்கத்தில் 'பேசிக்கொண்டிருந்தாள்' என்று வரும்போது முகம் தெரிந்ததாக இருக்கும்.

பாடப் புத்தகம் இன்னும் எட்டாத பிள்ளைக்குப் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை 1 தமிழ்க் கதைகளிலிருந்து தொடங்குங்கள். சத்தமாக வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் கூகுளின் ரீட் அலாங் ஆப்பிலும் தமிழ் உண்டு.

தேர்வுக்கு

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் (டிஸ்லெக்சியா போன்றவை) ஒன்று. அந்தக் குறைபாட்டுக்கான சான்றிதழ் இருந்தால் தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைப் பள்ளி வழியாக அரசுத் தேர்வுகள் துறையிடம் கேட்கலாம். கல்வியாண்டுத் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் பேசுங்கள். சான்றிதழுக்கான மதிப்பீட்டுக்கே பல நாள் பிடிக்கும்.

தேர்வறைக்குள் போன் வராது, மனிதர்தான் கேள்வியைப் படிப்பார். அதனால் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே மாதம் ஒருமுறையாவது, பழக்கமில்லாத ஒருவர் வினாத்தாளைப் படிக்க, பிள்ளை பதில் சொல்லி எழுதவைத்துப் பழகட்டும். "இன்னொரு தடவை படிங்க", "அந்தப் பிரிவை மட்டும் படிங்க", "நான் சொன்னதைத் திருப்பிப் படிச்சுக் காட்டுங்க" என்று கூச்சமில்லாமல் கேட்கவும் சேர்த்தே பழக்குங்கள். ஒரு பெரியவரை நிறுத்தித் திரும்பப் படிக்கச் சொல்லத் தயங்கி, கேள்வியைப் பாதி புரிந்த நிலையிலேயே பதில் சொல்லத் தொடங்கும் பிள்ளைகள் அதிகம்.